நினைவும் குறியீடும்: இடைக்கால இலத்தீன் திருவழிபாட்டுப் பாடல்களின் ஏட்டு மரபு

ஆய்வுச் சுருக்கம்

இடைக்கால மேற்கு ஐரோப்பாவின் இலத்தீன் திருவழிபாட்டில் பாடப்பெற்ற பாடல்கள் பொதுவாகக் ‘கிரகோரியன் பாடல்கள்’ எனப்படுகின்றன. இவை வாய்மொழியாக வழங்கிப் பின்னர் ஏடேறியவை. ஏடேறிய முறை இருவகைப்பட்டது. முதல் வகை பாடும் பாங்கைக் காட்டிச் சுரத்தானத்தை விடுத்தது. இரண்டாம் வகை சுரத்தானத்தைக் காட்டிப் பாடும் பாங்கை விடுத்தது. இருவகைச் சான்றுகளையும் ஒருங்கே கொள்ளாமல் இப்பாடல்களின் பழைய வடிவம் குறித்து முடிவு கூற இயலாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கிரகோரியன் பாடல், நியூம், வாய்மொழி மரபு, திருவழிபாடு, சொலெம் மடம்.

முன்னுரை

இசையொலியை மனிதர் நினைவில் கொள்ளாவிடின் அது அழிந்துபோகும், ஏனெனில் அதனை எழுத இயலாது என்பது 7ஆம் நூற்றாண்டில் மறைந்த செவீல் நகர் ஆயர் இசிதோரின் கருத்து. அவர் காலத்துத் திருச்சபை ஆண்டு முழுவதற்குமான பாடல்களை எழுத்தின் துணையின்றியே பாடியது. அடுத்த நான்கு நூற்றாண்டுகளில் அந்நிலை மாறிற்று. அம்மாற்றத்தில் பெற்றவை பல; இழந்தவையும் உள. பிற்காலப் பதிப்பாசிரியர்களிடையே எழுந்த பூசல்கள் இவ்விழப்பிலேயே வேர்கொண்டுள்ளன.

வழிபாட்டில் பாடலின் இடம்

இப்பாடல்கள் பலர் கூடிப் பாடினும் ஒரே மெட்டில் அமைபவை. பக்க இசை வேண்டாதவை. இவற்றின் சொற்கள் பெரும்பாலும் விவிலியத்தின் திருப்பாடல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. திருப்பலியில் பாடப்பெறுவன இருவகைப்படும். ‘கீரியே’, ‘குளோரியா’ போன்றவற்றின் சொற்கள் நாள்தோறும் மாறாதவை. வருகைப் பல்லவி, காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பல்லவி முதலியன அந்தந்த நாளுக்கும் விழாவிற்கும் உரியவை. திருப்பலிக்குப் புறம்பாகத் துறவு மடங்களில் இரவும் பகலும் குறித்த வேளைகளில் திருப்புகழ்மாலை பாடப்பெற்றது. 6ஆம் நூற்றாண்டில் இயற்றப்பெற்ற புனித பெனடிக்டின் ஒழுங்கு, 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்திற்குள் பாடி முடிக்குமாறு பணிக்கிறது. பாடகர் ஒருவர் நினைவில் தாங்கவேண்டியிருந்த சுமை இதனால் விளங்கும்.

கிரகோரியார் பெயரும் பிராங்கிய அரசும்

590 முதல் 604 வரை திருத்தந்தையாக விளங்கிய முதலாம் கிரகோரியின் பெயரை இப்பாடல்கள் தாங்கியுள்ளன. புறா வடிவில் தூய ஆவியார் அவர் செவியில் பாட, எழுத்தர் அதனை எழுதுவதாக இடைக்கால ஓவியங்கள் சித்திரிக்கின்றன. ஆயினும் அவரே இவற்றை இயற்றினார் என்பதற்கு அவர் காலத்துச் சான்று இல்லை. அவருடைய புகழை விரித்துரைத்த யோவான் தியாக்கோனின் வரலாறு 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது.

வரலாற்றுச் சான்றுகள் வேறொரு சூழலைக் காட்டுகின்றன. 754இல் பிராங்கிய மன்னர் பெப்பினைத் திருத்தந்தை இரண்டாம் ஸ்தேவான் சந்தித்தார். அதன்பின் உரோமை வழிபாட்டு முறை பிராங்கிய நாட்டில் பரப்பப்பட்டது. குருக்கள் உரோமைப் பாடலைக் கற்கவேண்டும் எனச் சார்லமேன் 789இல் ஆணையிட்டார். பரந்த நாட்டை ஒரே வழிபாட்டால் பிணைப்பது அரசின் நோக்கம். அந்நோக்கத்திற்குக் கிரகோரியாரின் பெயர் பெருவலிமை சேர்த்தது.

உரோமையிலேயே எழுதப்பெற்ற இசைக் கையெழுத்துப்படிகள் 11ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. அவற்றுள் பழமையானது 1071ஆம் ஆண்டினது. அவற்றில் காணும் சொற்களும் விழா ஒழுங்கும் பிராங்கிய ஏடுகளோடு பெரிதும் ஒத்துள்ளன, மெட்டுகளோ வேறுபடுகின்றன. உரோமைப் பாடலைப் பிராங்கியர் செவிவழி கற்றபோது உருமாறி அமைந்ததே இன்றைய கிரகோரியன் பாடல் என்னும் கருத்து இவ்வேறுபாட்டிலிருந்து பிறந்தது.

சுரத்தானம் காட்டாத குறிகள்

8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஆறு பழைய ஏடுகளை ரெனே-ழான் எஸ்பேர் 1935இல் ஒப்பிட்டுப் பதிப்பித்தார். அவற்றில் பாடற்சொற்கள் உள்ளன, இசைக்குறிகள் இல்லை. நியூம் எனப்படும் குறிகள் ஆண்டு முழுவதற்குமான பாடல்களுக்கு இடப்பெற்ற ஏடுகள் ஏறத்தாழ 900ஆம் ஆண்டை ஒட்டியே தோன்றுகின்றன. லான் நகரின் 239ஆம் எண் ஏடும் சாங்க் காலன் மடத்தின் 359ஆம் எண் ஏடும் இவற்றுள் தலையாயவை.

இக்குறிகள் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும். எவ்வளவு ஏறும் என்பதைக் காட்டா. முன்னரே பாடலை அறியாதவர் இவற்றைக்கொண்டு பாட முடியாது. எனவே இவை அறிந்ததை நினைவூட்டும் கருவிகள். ஆயினும் இவற்றைக் குறைபட்ட எழுத்து எனல் பொருந்தாது. விரைந்து பாடவேண்டிய இடம், நீட்டவேண்டிய இடம், குரலை மென்மையாக நெகிழ்த்தவேண்டிய இடம் ஆகியவற்றை இவை நுட்பமாக வேறுபடுத்துகின்றன. குறிகளின் அருகே எழுதப்பெற்ற ஓரெழுத்துச் சுருக்கங்களுக்கு 912இல் மறைந்த நோட்கர் என்னும் துறவி விளக்கம் எழுதியுள்ளார்.

எழுதாக் காலத்தில் பாடல்கள் எவ்வாறு நிலைபெற்றன என்பதில் ஆய்வாளர் வேறுபடுகின்றனர். மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் வகுத்த வாய்மொழிப் பாடற் கொள்கையை லியோ திரைட்லர் 1974இல் இப்பாடல்களுக்குப் பொருத்தினார். பாடகர் மரபுவழி வந்த வாய்பாடுகளைக்கொண்டு பாடலை ஒவ்வொருமுறையும் மீண்டும் கட்டமைத்தனர் என்பது அவர் வாதம். சார்லமேன் காலத்திலேயே குறியிடப்பெற்ற மூல ஏடு இருந்தது எனக் கென்னத் லெவி 1987இல் மறுத்தார். க. கைலாசபதி தம் 1968ஆம் ஆண்டு நூலில் சங்கப் பாடல்களை ஆராயக் கையாண்டதும் இதே பாரி–லார்டு கொள்கையே. ஆதலின் இவ்விவாதத்தின் அடிப்படை தமிழாய்வுக்குப் புதியதன்று.

கோடுகளின் வரவு

11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரெட்சோ நகர்க் குய்தோ, கோடுகளின் மேலும் இடையிலும் குறிகளை இடும் முறையை ஒழுங்குபடுத்தினார். ‘ஃபா’ சுரத்தின் கோடு சிவப்பு. இன்று ‘தோ’ எனப்படும் சுரத்தின் கோடு மஞ்சள். பத்து ஆண்டுகள் முயன்றும் நிறைவுறாத பயிற்சி, இம்முறையால் ஓரிரு ஆண்டுகளில் கைகூடும் என்பது அவர் கூற்று. ஆசிரியரின் குரலைக் கேளாமலே புதிய பாடலைப் பாட முடிந்தது. ஆயினும் சுரத்தானம் உறுதியானபோது, நீட்சி, நெகிழ்ச்சி பற்றிய நுண்குறிகள் படிப்படியாக மறைந்தன. திழோன் நகரில் எழுதப்பெற்ற 11ஆம் நூற்றாண்டின் மோன்பெலியே ஏடு நியூம் குறிகளையும் சுரத்தைக் காட்டும் எழுத்துகளையும் ஒருங்கே தருகிறது. 1847இல் கண்டறியப்பெற்ற அது பழைய குறிகளைப் படிப்பதற்குத் திறவுகோலாயிற்று.

மீட்டெடுப்பும் பூசலும்

1614–15இல் உரோமையில் வெளிவந்த மெதிச்சிப் பதிப்பு, நீண்ட இசைத்தொடர்களைச் சுருக்கி மெட்டுகளைத் திருத்தியது. அதன் வழிவந்த ரேகன்ஸ்பர்க் பதிப்பு 19ஆம் நூற்றாண்டில் திருத்தந்தையின் தனியுரிமை பெற்றிருந்தது. அதற்கு எதிராகப் பிரான்சின் சொலெம் மடத்துத் துறவியர் பழைய ஏடுகளை நாடினர். ஆந்திரே மொக்கெரோ 1889இல் தொடங்கிய ‘பலியோகிராஃபி முசிக்கால்’ வரிசை, ஒரே பாடலை இருநூற்றுக்கும் மேற்பட்ட ஏடுகளிலிருந்து நிழற்படங்களாக வெளியிட்டது. அவற்றின் ஒற்றுமை, பழைய மெட்டு மீட்கத்தக்கது என்பதை மெய்ப்பித்தது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903இல் கிரகோரியன் பாடலை முன்னிறுத்தி ஆணை பிறப்பித்தார். 1908இல் வத்திக்கான் பதிப்பு வெளிவந்தது.

மெட்டு மீண்டது, லயம் மீளவில்லை. சுரங்கள் சம அளவினவா, நெடில் குறில் வேறுபாடு உடையனவா என்னும் வினாவில் மொக்கெரோவின் கொள்கையைப் பலர் மறுத்தனர். அம்மடத்தைச் சேர்ந்த யூஜின் கார்தீன் பிற்காலத்தில் நியூம் குறிகளின் வடிவ வேறுபாடுகளையே சான்றாகக் கொண்டு ஆராய்ந்தார். 1979இல் வெளிவந்த ‘கிராதுவாலே திரிப்ளெக்ஸ்’ கோடிட்ட சுரக்குறிகளுக்கு மேலே லான் ஏட்டின் குறிகளையும் கீழே சாங்க் காலன் மரபுக் குறிகளையும் அச்சிட்டது. சுரத்தானத்தையும் பாடும் பாங்கையும் ஒரே பக்கத்தில் காணும் வாய்ப்பு இதனாலேயே பாடகர்க்குக் கிட்டியது.

முடிவுரை

நியூம் குறி நினைவை நம்பியது. கோட்டுக்குறி நினைவின் இடத்தைத் தான் ஏற்றது. ஏற்றபோது நினைவில் இருந்த அனைத்தையும் அது ஏற்கவில்லை. எனவே பிந்திய தெளிவான ஏட்டை முழுமையான சான்று எனவும், முந்திய தெளிவற்ற ஏட்டை அதன் குறைவடிவம் எனவும் கொள்ளுதல் தவறு. எந்த ஏடும் தனக்கு முன்னிருந்த பாடகரின் அறிவை எவ்வளவு எதிர்பார்த்து எழுதப்பட்டது என்பதை அளந்த பின்னரே அதன் சான்றுமதிப்பை வரையறுக்க இயலும்.