சுட்டியின் டி.பி.ஐ. அளவும் விளையாட்டு உணர்திறனும்

டி.பி.ஐ. என்பது கணினிச் சுட்டியை (மவுஸ்) ஓர் அங்குலம் நகர்த்தும்போது அது கணினிக்கு எத்தனை எண்ணிக்கைகளை அனுப்புகிறது என்பதைக் குறிக்கும் அளவாகும். அச்சுத்துறையில் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்று வழங்கும் சொல்லே சுட்டிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சுட்டி புள்ளி எதையும் இடுவதில்லை. ஆதலால் அங்குலத்துக்கு இத்தனை எண்ணிக்கை எனப் பொருள்படும் சி.பி.ஐ. என்பதே பொருத்தமான பெயர். ஆயினும் வழக்கில் நிலைத்தது முன்னதே.

சுட்டியின் அடியிலுள்ள உணரி மிகச் சிறிய ஒளிப்படக்கருவி போன்றது. மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம்பிடித்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு நகர்வைக் கணக்கிடுகிறது. 800 டி.பி.ஐ. என அமைத்தால் ஓர் அங்குல நகர்வுக்கு 800 எண்ணிக்கைகள் செல்லும்.

உணர்திறன் (சென்சிட்டிவிட்டி) சுட்டிக்குள் இல்லை. விளையாட்டு மென்பொருளுக்குள் இருக்கிறது. வந்துசேரும் எண்ணிக்கையைத் திருப்பமாக மாற்றும் பெருக்கி அது. கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் உணர்திறன் 1 எனில், ஓர் எண்ணிக்கைக்குப் பார்வை 0.022 பாகை திரும்பும். 360 பாகையை 0.022-ஆல் வகுத்தால், முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 16,364 எண்ணிக்கைகள் தேவை. 800 டி.பி.ஐ. சுட்டியை அதற்காக ஏறக்குறைய 52 செ.மீ. நகர்த்த வேண்டும். 400 டி.பி.ஐ.யுடன் உணர்திறனை 2 என வைத்தாலும் அதே 52 செ.மீ. தான்! எனவே ஒருவர் தம் டி.பி.ஐ.யை மட்டும் சொன்னால் அவர் கை எவ்வளவு நகர்கிறது என்று அறிய முடியாது. இரண்டையும் பெருக்கிவரும் தொகையே (இ-டி.பி.ஐ.) ஒப்பிடத் தக்கது, அதுவும் ஒரே விளையாட்டுக்குள் மட்டும். வலோரண்டில் ஓர் எண்ணிக்கைக்கு 0.07 பாகை என்பதால், கவுண்டர்-ஸ்ட்ரைக் உணர்திறனை 3.18-ஆல் வகுத்து அங்கே இட வேண்டும்.

டி.பி.ஐ. கூடினால் குறி துல்லியமாகும் என்று நம்பி, 20,000-க்கு மேல் எண் அச்சிட்ட சுட்டியை மாணவர் பலர் விலை கொடுத்து வாங்குகின்றனர். கணக்கு வேறு சொல்கிறது. 1,920 படப்புள்ளி அகலமுள்ள திரையில், கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் நடுப்பகுதியில் ஒரு படப்புள்ளி ஏறக்குறைய 0.08 பாகைக்குச் சமம். மேலே கண்ட 0.022 பாகை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. திரையே காட்ட இயலாத நுண்மைக்குப் பணம் கொடுப்பானேன்? கையில் அடங்கும் வடிவமும் எடைக்குறைவும் அதைவிட மேலான செலவு.

விண்டோசில் 'சுட்டித் துல்லியத்தை மேம்படுத்து' என்னும் பொருள்படும் தெரிவு ஒன்று உண்டு. பெயர் ஏமாற்றும். அது வேகமாக நகர்த்தினால் கூடுதல் தொலைவும், மெதுவாக நகர்த்தினால் குறைந்த தொலைவும் தரும் முடுக்கம். இதனால் கை பழகிய அளவு குலையும். விளையாட்டில் 'ரா இன்புட்' வசதி இருந்தால், அதை இயக்கி இதைத் தவிர்க்கலாம்.

தமக்குரிய அளவைக் காண ஓர் அளவுகோல் போதும். விளையாட்டில் ஒரு சுவரை நேராகப் பார்த்து நின்று, முழுச் சுற்று சுற்றி மீண்டும் அதே இடத்துக்கு வரச் சுட்டி எத்தனை செ.மீ. நகர்ந்தது என அளக்க வேண்டும். மேசை குறுகலானால் 52 செ.மீ. அளவு ஒத்துவராது, உணர்திறனைக் கூட்டினால் அது குறையும். மிகக் குறைத்துவிட்டால் சிறு நடுக்கமும் குறியைத் தள்ளிவிடும். புதிய விளையாட்டுக்கு மாறும்போது, அந்தச் செ.மீ. அளவு திரும்ப வரும்வரை உணர்திறனைத் திருத்தினால், பழைய பழக்கம் வீணாகாது.