எம்டன் மூழ்கடித்த கப்பல்களின் மாலுமிகள் பிழைத்தது எப்படி?



‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் பேச்சில் ஒரு வழக்கு உண்டு. பாலோ மாதிரி தோட்டம் சூழ்ந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கெட்டிக்காரன், லேசில் பிடிபடாதவன், கொஞ்சம் பயப்பட வேண்டிய ஆள் என்று பொருள். 2006இல் வந்த ‘எம் மகன்’ படத்துக்கு முதலில் வைத்த பெயரே ‘எம்டன் மகன்’தான். சொல் பிறந்தது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயரிலிருந்து.

முதல் உலகப் போர் என்றதும் மாணவர்கள், ‘1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னையைத் தாக்கியது’ என்று ஒரு வரி எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முன்பே வங்காள விரிகுடாவில் நடந்தது பலருக்குத் தெரிவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

செப்டம்பர் 10 அன்று எம்டன் ‘இண்டஸ்’ என்ற பிரிட்டிஷ் கப்பலை மறித்தது. நம்மவர்கள் கவனிக்க வேண்டிய கப்பல் இது. இதன் சொந்தக்காரரான நோர்ஸ் கம்பெனிதான் இந்திய ஒப்பந்தக் கூலிகளைப் பிஜிக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஏற்றிச் சென்றது. போர் வந்ததும் படைக்கு ஆளும் குதிரையும் ஏற்ற இண்டஸைத் தயார் செய்து, கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு அனுப்பியிருந்தார்கள்.

எம்டன் செய்தது என்ன? முதலில் ‘நில்’ என்று சைகை. பிறகு ஒரு படகில் அதிகாரியும் வீரர்களும் ஏறிப்போய்க் கப்பலின் பத்திரங்களைப் பார்ப்பார்கள். எதிரி நாட்டுக் கப்பல் என்று உறுதியானால், அதிலிருக்கும் எல்லோரையும் படகில் இறக்கி வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். வேண்டிய பொருளை எடுத்துக்கொள்வார்கள். இண்டஸில் பெட்டி பெட்டியாகச் சோப்பு கிடைத்தது, எம்டன் ஆட்களுக்கு அதில் ஏக சந்தோஷம்! அதன் பிறகுதான் அடித்தட்டின் அடைப்பான்களைத் திறந்து தண்ணீரை உள்ளே விடுவதும், குண்டு போடுவதும்.

அடுத்த சில நாளில் லோவாட், கில்லின், தேயிலை ஏற்றிய டிப்ளமேட், டிராபக், கிளான் மாத்திசன் என்று வரிசையாக மூழ்கின. ஆனால் இந்த ஆறு கப்பல்களின் மாலுமிகளில் ஒருவரைக்கூட எம்டன் கடலில் தவிக்கவிடவில்லை. அந்தக் காலத்துக் கல்கத்தா வழிக் கப்பல்களில் நிலக்கரி அள்ளிப்போட்டவர்கள் பெரும்பாலும் இந்திய லஸ்கர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இடையில் பிடிபட்ட ‘கபிங்கா’வை மட்டும் மூழ்கடிக்கவில்லை. அதிலிருந்த சரக்கு நடுநிலை நாடான அமெரிக்காவுக்கு உரியது. அதன் கேப்டனும் மனைவி, பிள்ளையோடு பயணம் செய்துகொண்டிருந்தார். பிடிபட்டவர்களை எல்லாம் அதில் ஏற்றி, செப்டம்பர் 14 அன்று கல்கத்தாவுக்கு விட்டார்கள். விடைபெறும்போது அந்த மாலுமிகள், தங்கள் கப்பல்களை மூழ்கடித்த எம்டனுக்கே மூன்று முறை ஆரவாரம் செய்தார்கள்! அதற்கப்புறம் அகப்பட்ட கிளான் மாத்திசன் ஆட்கள், நார்வேக் கப்பலான டோவ்ரேயில் ஏறி ரங்கூன் போனார்கள்.

இதற்கு எம்டன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் நல்ல மனசு மட்டும் காரணம் இல்லீங்க. ஆயுதமில்லாத வணிகக் கப்பலை அழிக்கும் முன், அதிலுள்ளவர்களையும் பத்திரங்களையும் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும் என்பது அன்றைய கடற்போர் விதி. இன்னொரு கணக்கும் உண்டு. கைதிகளை வைத்திருந்தால் சோறு போட வேண்டும், இடம் வேண்டும். விதியும் வசதியும் ஒரே பக்கம் நின்றன என்பது என் கருத்து. இருந்தாலும், ஆபத்து இருக்கும்போதும் விதியைக் கைவிடாதது முல்லரின் பெருமைதான்.

அதற்காக எம்டனைத் தருமவானாக்கியும் எழுத வேண்டாம். சென்னையில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அன்று துறைமுகத்தில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அக்டோபர் 28 அன்று நம் பினாங்குத் துறைமுகத்தில் ரஷ்யப் போர்க்கப்பல் ‘ஜெம்சுக்’கை மூழ்கடித்தபோது 80 பேருக்கு மேல் இறந்தார்கள். பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அன்றைக்கே பிரெஞ்சுக் கப்பல் ‘மூஸ்கே’யையும் மூழ்கடித்த எம்டன், நின்று தண்ணீரில் தத்தளித்த 36 பேரைத் தூக்கிக்கொண்டு போனது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘சிட்னி’யிடம் தோற்றபோது எம்டனிலும் 130 பேருக்கு மேல் மாண்டார்கள்.

ஒப்பிட்டு எழுதச் சொன்னால் இரண்டாம் உலகப் போருக்கு வாருங்கள். 1944 மார்ச் 26 அன்று, மெல்பர்னிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த டச்சு வணிகக் கப்பல் ‘சிசலாக்’கை ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-8 மூழ்கடித்தது. உயிர் தப்பிப் படகேறியவர்களை நீர்மூழ்கியின் மேல்தளத்துக்கு வரவழைத்துக் கொன்றார்கள். பிழைத்தவர் ஐந்தே பேர், அவர்களில் ஒருவர் இந்திய லஸ்கர். அதே இந்தியப் பெருங்கடல், இடையில் 30 ஆண்டு.

தேர்வில் ‘எம்டன் பல கப்பல்களை அழித்தது’ என்று எழுதினால், அடுத்த வரியிலேயே கபிங்காவையும் செப்டம்பர் 14 என்ற தேதியையும் எழுதிவிடுங்கள்.