உள்ளே வைத்து ஒரு கதவடைப்பு!

மான்செஸ்டர் என்றதும் நம் தொழிலாளத் தோழர்களுக்கு நூற்பாலைதான் நினைவுக்கு வரும். கோவைக்கே 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பட்டம் சூட்டியிருக்கிறார்களே! இங்கிலாந்திலுள்ள அந்த மான்செஸ்டரில், கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டில் நடந்த ஒரு கதவடைப்பைப் பற்றித்தான் சொல்ல வருகிறோம். ஆலையில் அல்ல, கல்லூரி விடுதியில்! ஆலைக் கதவடைப்பில் தொழிலாளியை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவார்கள். இதுவோ மாணவனை உள்ளே வைத்துச் சாத்திய கதவடைப்பு.

செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக் கழகத்தில் 127 மாணவர்களுக்குத் தொற்று கண்டது. உடனே பிறந்தது உத்தரவு! இரண்டு விடுதிகளில் இருந்த சுமார் 1,700 மாணவர்களும் பதினான்கு நாட்கள் வெளியே வரக் கூடாது. வாயிலில் காவலாட்கள் நின்றார்கள். மாணவர்கள் என்ன செய்தார்கள்? 'இது அரசியாரின் சிறைச்சாலை' என்று பொருள்படக் காகிதத்தில் எழுதி, சன்னல் கண்ணாடியில் ஒட்டினார்கள். 'ஒன்பதாயிரம் எதற்கு?' என்றும் கேட்டார்கள். ஒன்பதாயிரத்தின் கதைக்குப் பிறகு வருவோம்.

பதினெட்டு வயதுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். முதல் முறையாக வீட்டை விட்டுப் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியிருக்கிறான். பெயர்கூடச் சரியாகத் தெரியாத சிலரோடு ஒரே சமையலறை. இவர்களைத்தான் 'ஒரு குடும்பம்' என்று கணக்கிட்டது விதி! அந்தக் குடும்பத்துக்கு வெளியே யாரோடும் ஒட்டக் கூடாது. சரி, குடும்பத்துக்குள்ளேயே மனம் ஒட்டாவிட்டால்? விதி அதைப் பற்றிப் பேசவில்லை. பாடம் நடப்பது கம்ப்யூட்டர் திரையில். பக்கத்தில் உட்கார்ந்து பேனா இரவல் கேட்பவன் இல்லை. வகுப்பு முடிந்து தேநீர் குடிக்க அழைப்பவன் இல்லை. திரை அணைந்தால் நான்கு சுவர். உண்ண உணவு இருந்தது, உறங்கக் கட்டில் இருந்தது. 'என்னப்பா, முகம் வாடியிருக்கிறதே?' என்று கேட்க ஓர் ஆள் இல்லை!

அந்நாட்டின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் நவம்பரில் மாணவர்களைக் கேட்டபோது, நூற்றுக்கு 57 பேர், பருவம் தொடங்கியதிலிருந்து தங்கள் மனநிலை மோசமாகிவிட்டது என்றார்கள்.

'இளசுகள் கூத்தடித்தார்கள், நோயைப் பரப்பினார்கள்' என்று பேசியவர்கள் உண்டு. கூடிக் குடித்தவர்களும் இருந்திருப்பார்கள், மறைக்க மாட்டோம். தனித்திருத்தல் வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. உயிர் குடிக்கும் நோய் அது. ஒதுங்கித்தான் இருக்க வேண்டும். நாம் கேட்பது வேறு. திரையில் நடக்கும் பாடத்துக்கு அந்தப் பிள்ளைகளை ஊர் ஊராக ஏன் வரவழைத்தார்கள்? ஆயிரக் கணக்கில் மாணவர்கள் திரண்டு வந்தால் தொற்று பரவும் என்று, பல்கலைக் கழக ஆசிரியர்களின் தொழிற்சங்கம் ஆகஸ்டிலேயே எச்சரித்ததே! ஏன் காதில் ஏறவில்லை?

இப்போது அந்த ஒன்பதாயிரத்துக்கு வருவோம். 1998-க்கு முன் இங்கிலாந்து மாணவன் பல்கலைக் கழகத்துக்குக் கல்விக் கட்டணம் கட்டியதில்லை. அந்த ஆண்டு ஆயிரம் பவுன் என்று தொடங்கினார்கள். 2006-இல் மூவாயிரம், 2012-இல் ஒன்பதாயிரம் என்று ஏறியது. 2020-இல் ஆண்டுக்கு 9,250 பவுன்! ஏழைப் பிள்ளைகளுக்குத் தந்துவந்த உதவித் தொகையையும் 2016-இல் கடனாக மாற்றினார்கள். ஆக, கல்விக் கூடத்தின் வரவு செலவே மாணவன் தரும் கட்டணத்திலும் விடுதி வாடகையிலும் நிற்கிறது. அறை காலியாகக் கிடந்தால் வருமானம் போச்சு! அவனை வரவேற்றபோது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது மாணவனா, குடக்கூலிக்காரனா? ஆலை லயத்தில் குடியிருந்து, கூலியில் வாடகை பிடிக்கப்பட்ட தோழர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

நவம்பர் 5, இங்கிலாந்தில் இரண்டாம் ஊரடங்கு தொடங்கிய நாள். அதே ஊரிலுள்ள மற்றொரு பல்கலைக் கழகமான மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தின் ஃபாலோஃபீல்ட் விடுதிப் பகுதியில் காலையில் ஆட்கள் வந்தார்கள். ஒரு சொல் முன்னறிவிப்பு இல்லை. விடுதியைச் சுற்றி இரும்பு வேலி எழுந்தது! அன்றிரவே மாணவர்கள் திரண்டு வந்து அதைப் பிடுங்கி எறிந்தார்கள். துணைவேந்தர் நான்சி ராத்வெல் மன்னிப்புக் கேட்டார்.

மாணவர்கள் அதோடு விடவில்லை. வாடகை தர மறுத்தார்கள். சிலர் காலியாகக் கிடந்த ஓவன்ஸ் பார்க் கோபுரத்தில் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். அறைக்கு ஒருவராக அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்கு, அண்டை அறைக்காரன் யார் என்பது இந்தப் போராட்டத்தில்தான் தெரிந்தது போலும்! நவம்பர் மாதம் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. முதற் பருவ வாடகையில் நூற்றுக்கு 30 கழிக்க ஒப்புக்கொண்டது.

கிறிஸ்துமசுக்கு வீட்டுக்குப் போன மாணவர்களில் பெரும்பாலோரை 2021 ஜனவரியில் திரும்ப வேண்டாம் என்றது அரசு. பலருக்கு வகுப்பறைக் கதவு திறக்க மே 17 ஆயிற்று. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அதே புள்ளிவிவர அலுவலகம் மீண்டும் கேட்டது. அடிக்கடியோ எப்போதுமோ தனிமையில் வாடுவதாகச் சொன்ன மாணவர்கள் நூற்றுக்கு 26 பேர். வயது வந்தோர் மொத்தத்தில் 8 பேர்தான். காலி அறைக்கும் வாடகையா என்ற கேள்வி கிளம்பியது. மான்செஸ்டர் மாணவர்கள் காட்டிய வழியில் மற்ற ஊர்களிலும் வாடகை மறுப்புப் பரவியது.