பனியை நம்பி வாழும் ஹிக்கிம்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் ஹிக்கிம் என்ற சிற்றூர் இருக்கிறது. உலகின் மிக உயரமான அஞ்சலகங்களுள் ஒன்று 1983-ஆம் ஆண்டு முதல் இவ்வூரில் இயங்குகிறது. கோடையில் இங்கு வரும் பயணிகள் தங்கள் வீட்டு முகவரிக்கே ஒரு கார்டை எழுதிப் போட்டுவிட்டு மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள். குளிர்காலம் வந்ததும் பனி பாதையை மூடிவிடுகிறது. தபால் போக்குவரத்தும் நின்றுபோகிறது. அப்போதும் அங்கேயே இருப்பவர்கள் அவ்வூர் மக்கள்தாம். அவர்கள் வாழ்க்கையை நடத்திச் செல்லும் இயற்பியல் விதிகளைச் சற்று பார்ப்போம்.

முதலில் காற்று. நாம் மேலே செல்லச் செல்ல நம் தலைக்கு மேலுள்ள காற்றின் எடை குறைகிறது. கடற்கரையில் வளிமண்டல அழுத்தம் பாதரச அளவில் 760 மில்லிமீட்டர். ஹிக்கிமில் அது சுமார் 440 மில்லிமீட்டர்தான். திரவத்தின் ஆவியழுத்தம் வெளியழுத்தத்திற்குச் சமமாகும்போது அது கொதிக்கிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆகவே இங்கு தண்ணீர் 85 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். அதன் பிறகு அடுப்பில் எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் வெப்பநிலை ஏறாது. நீர் ஆவியாகி வீணாகுமே தவிர பருப்பு வேகாது. மரங்கள் இல்லாத ஊரில், சேர்த்து வைத்த சாண வறட்டியையும் முட்புதரையும் இப்படிச் செலவிட முடியுமா?

குக்கர் இங்கு வசதிப் பொருளன்று, இன்றியமையாத பொருள். ஆனால் அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. குக்கரின் வெயிட், வெளியழுத்தத்திற்கு மேல் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டுகிறது. கடற்கரை ஊரில் உள்ளே இரண்டு வளிமண்டல அழுத்தம் உண்டாகி, வெப்பநிலை சுமார் 120 டிகிரியை எட்டும். ஹிக்கிமில் வெளியே இருப்பதே 0.58 வளிமண்டலம். ஆகவே உள்ளே 1.58 ஆகிறது, வெப்பநிலை 113 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது. அதே குக்கர், அதே பருப்பு, ஆனால் கூடுதல் நேரம்!

சுவாசத்தின் கதையும் இதுவே. மலைமேல் காற்றில் ஆக்சிஜன் விகிதம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. அங்கும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது அதன் பகுதி அழுத்தம். நுரையீரலுக்குள் செல்லும் காற்று உடற்சூட்டில் ஈரமாகிறது. அந்த நீராவி எந்த உயரத்திலும் 47 மில்லிமீட்டரைத் தன் பங்காக எடுத்துக்கொள்ளும். அது போக மிஞ்சுவதில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையில் சுமார் 150, ஹிக்கிமில் 82 மில்லிமீட்டர். சமவெளியிலிருந்து திடீரென்று ஏறிச் செல்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் வருவதற்கு இதுவே காரணம். திபெத்திய மக்களிடம், உயரத்தில் இரத்தம் அளவுக்கு மீறித் தடிக்காமல் காக்கும் ஒரு மரபணு மாற்றம் பரவலாக இருப்பதை 2010-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஸ்பிட்டி மக்களின் பேச்சும் பண்பாடும் திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

குளிரைப் பொறுத்தவரை இவ்வூரார் நல்ல பொறியாளர்கள். மெல்லிய, வறண்ட காற்று பகல் வெயிலையும் தடுப்பதில்லை, இரவில் தரையின் வெப்பம் வெளியேறுவதையும் தடுப்பதில்லை. அரை மீட்டர் பருமனுள்ள மண்சுவரில் பகல் வெப்பம் மறுபுறம் வந்துசேர அரை நாளுக்கு மேல் பிடிக்கும். அதாவது இரவில்தான் அது வீட்டுக்குள் வருகிறது. கீழ்த்தளத்தில் கால்நடைகள், மேலே மனிதர்கள், நடுவில் தகர அடுப்பு. கழிவறையில் கூடத் தண்ணீருக்கு வேலையில்லை. சாம்பலும் மண்ணும் தூவப்பட்டு மட்கிய எரு வயலுக்குப் போகிறது.

இவையெல்லாம் பழகிவிட்ட தொல்லைகள். ஊரின் பிழைப்பைத் தீர்மானிப்பது தண்ணீர்.

மலைத்தொடர்கள் பருவமழையைத் தெற்கிலேயே தடுத்துவிடுவதால் ஸ்பிட்டி ஒரு குளிர்ப் பாலைவனம். ஆண்டுக்கு ஒரே சாகுபடி. பார்லியும் கறுப்புப் பட்டாணியும் விளைந்த வயல்களில் இப்போது பச்சைப் பட்டாணி பெரும் இடம் பிடித்துவிட்டது. அது காசு தரும் பயிர், ஆனால் தண்ணீரை அதிகம் கேட்கும் பயிர். அத்தண்ணீர் மேலே மலைச்சரிவில் உருகும் பனியிலிருந்து வாய்க்கால் வழியே வரவேண்டும்.

கீழே ஸ்பிட்டி ஆறு ஓடுகிறதே, அதிலிருந்து இறைக்கலாகாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு ஊருக்குச் சுமார் 800 மீட்டர் கீழே இருக்கிறது. ஒரு டன் நீரை அவ்வளவு உயர்த்தத் தேவையான நிலையாற்றல் ஏறத்தாழ 78 லட்சம் ஜூல், அதாவது 2.2 யூனிட் மின்சாரம். ஒரு ஹெக்டேர் வயலுக்கு 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஒருமுறை பாய்ச்ச 500 டன் நீர் வேண்டும். எந்த இழப்புமே இல்லாத பம்பு கிடைத்தாலும் 1,000 யூனிட்டுக்கு மேல் செலவாகும். உண்மையான பம்புக்கு இன்னும் அதிகம். அதுவும் ஒரே ஒரு பாய்ச்சலுக்கு! மேலேயுள்ள பனி தானே இறங்கி வருவதால் இச்செலவு முழுவதும் மிச்சமாகிறது. மலையுச்சிக்கு நீரை ஏற்றிவைக்கும் வேலையைச் சூரியன் முன்பே செய்து முடித்துவிட்டது.

ஆனால் அந்தப் பனி விதைப்புக் காலத்தில் உருகவேண்டும். குளிர்காலத்தில் போதிய பனி விழாவிட்டாலும், விழுந்தது முன்னதாகவே உருகி ஓடிவிட்டாலும் ஏப்ரல், மே மாதங்களில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். பெரிய பனியாறுகளோ மிக உயரத்தில் இருப்பதால் ஜூன் மாதத்திற்குப் பிறகே தாராளமாக நீர் விடுகின்றன. இது வெறும் அச்சமன்று. வடக்கே, இதே சூழலிலுள்ள லடாக்கில், உப்ஷிக்கு அருகேயுள்ள குலும் என்ற ஊரில் நீர் வற்றியதால் குடும்பங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறின.

லடாக்கிலேயே இதற்கு ஒரு வழியும் காணப்பட்டது. பொறியாளர் சேவாங் நோர்பெல் 1987 முதல் ஊர்களுக்கு மேலே, நிழல் விழும் சரிவுகளில் தாழ்ந்த கற்சுவர்கள் எழுப்பி, குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடை நீரை மெதுவாகத் தேங்கவைத்து உறையச் செய்தார். தாழ்வான இடமாதலால் இந்தப் பனிக்கட்டி பெரிய பனியாறுகளுக்கு முன்பே, விதைப்பு நேரத்தில் உருகிவிடும். நிழல் சரிவு கிடைக்காத இடங்களுக்குச் சோனம் வாங்சுக் 2013-இல் கூம்பு வடிவப் பனித்தூணைச் சோதித்துப் பார்த்தார். மேட்டிலுள்ள ஓடையிலிருந்து குழாய் வழியே வரும் நீர், தன் மட்டத்தை நாடி ஊற்றாகப் பீறிடுகிறது. உறைகுளிர்க் காற்றில் விழுந்து உறைகிறது. கூம்பின் கன அளவோடு ஒப்பிட்டால் அதன் மேல் விழும் வெயில் குறைவு. ஆகவே சமதளப் பனியைவிட மெதுவாக உருகும்.

முதல் கூம்பில் சேர்ந்தது சுமார் 1.5 லட்சம் லிட்டர். அதை உறைய வைக்க வெளியேற்றப்பட்ட உள்ளுறை வெப்பம் ஏறத்தாழ 14,000 யூனிட்! இவ்வளவு பெரிய குளிர்பதன வேலையை இரவுக் குளிர் இலவசமாகச் செய்துவிடுகிறது. எனினும் அது 150 டன் நீர்தான். நாம் மேலே கணக்கிட்ட ஒரு ஹெக்டேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் போதாது. பின்னர் கட்டியவை இதைவிடப் பல மடங்கு பெரியவை. ஆயினும் இம்முறை புதிதாகத் தண்ணீரைப் படைப்பதில்லை. ஜனவரி மாத நீரை மே மாதத்திற்கு ஒத்திவைக்கிறது, அவ்வளவே. ஆகவே இத்தகைய மேட்டூர் ஒன்றில் இதைத் தொடங்குமுன் பார்க்க வேண்டியது, கடுங்குளிரிலும் உறையாமல் ஓடும் ஒரு சிற்றோடை ஊருக்கு மேலே இருக்கிறதா என்பதைத்தான்.