மூன்று நாளைக்கு ஓர் ஊட்டி

முழுப் பரீட்சை லீவு – 7

1991 ஜூனில் எங்கள் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் 43 பேர். அந்தக் கோடையில் 43 பேரும் ஊட்டிக்குப் போயிருந்தோம்.

தூத்துக்குடிக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஊட்டிக்குப் போகிற வசதி உள்ள வீடு அந்த வகுப்பில் இரண்டோ மூன்றோதான். ஆனால் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே தமிழ் ஐயா கரும்பலகையில் 'நான் கழித்த கோடை விடுமுறை' என்று எழுதிப் போட்டுவிட்டார். நோட்ஸ் புத்தகத்தில் அதே தலைப்பில் ஒரு கட்டுரை ரெடிமேடாக இருந்தது. முன்னுரை, பயணம், கண்ட காட்சிகள், முடிவுரை. தாவரவியல் பூங்கா, படகுச் சவாரி, தொட்டபெட்டா. அண்ணன் நோட்டிலிருந்து தம்பி நோட்டுக்கு, தம்பி நோட்டிலிருந்து பக்கத்து பெஞ்சுக்கு. பார்த்து எழுதியதில் தொட்டபெட்டாவின் உயரம் மட்டும் ஆளுக்கு ஆள் கூடியும் குறைந்தும் இருந்தது.

உண்மையில் அந்த மே மாதம் என் பெஞ்சில் இருந்த ஒருவன் உப்பளத்தில் அம்மாவுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான். கோடைதான் உப்பு விளைகிற காலம். இன்னொருவன் அவன் அப்பாவின் டீக்கடையில் கிளாஸ் கழுவினான். நான் உடன்குடிப் பக்கம் ஒரு பனங்காட்டில் இருந்தேன்.

போன வாரம் என்னை உடன்குடி பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் பையோடு நிற்கவைத்துவிட்டுப் போனேன். பையில் இரண்டு டவுசர், இரண்டு சட்டை, இரண்டு ராணி காமிக்ஸ், ஏழாம் வகுப்பு பூகோள நோட்டு. அதில் பின்பக்கம் பாதி வெள்ளையாக மிச்சமிருந்தது. தாத்தா சைக்கிளில் வந்து கேரியரில் ஏற்றிக்கொண்டார். தார் ரோடு முடிந்து மண் தடம். அதற்கப்புறம் சைக்கிளும் ஏறாத செம்மணல். கடைசியில் நடந்துதான் போனோம்.

ஊரில் ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் வீடு இருந்தது. ஆனால் பங்குனி பிறந்தால் அதைப் பூட்டிவிட்டுச் சட்டி பானையோடு விடிலிக்கு வந்துவிடுவார்கள். விடிலி என்றால் பனைகளுக்கு நடுவே ஓலையால் கட்டிய குடிசை. சுவர் ஓலை, கூரை ஓலை, படுக்கிற பாய் ஓலை, தண்ணீர் இறைக்கிற பட்டையும் ஓலை. ஆடி வரைக்கும் குடித்தனம் அங்கேதான். எனக்கு அது லீவு. அவர்களுக்கு அது சீசன். இரண்டும் ஒரே மாதத்தில் வருகிறது என்பது அப்போது எனக்கு விசேஷமாகப் படவில்லை.

விடிகாலை நான்கு மணிக்கெல்லாம் தாத்தா கிளம்பிவிடுவார். இடுப்பில் அருவாப்பெட்டி, கால்களைப் பிணைக்கிற தளைநார், கையில் முருக்குத்தடி. தடியைப் பனையின் அடியில் சாய்த்து அதில் மிதித்து ஏறி, பிறகு மரத்தைக் கட்டிப்பிடித்து, காலை மடக்கி மடக்கி மேலே போவார். அவர் நெஞ்சும் முழங்காலும் மரப்பட்டை மாதிரியே காய்த்துப்போயிருக்கும். உச்சியில் ஓலைகளுக்குள் மறைந்ததும் 'சரக்' என்று ஒரு சத்தம். பாளையின் நுனியைச் சீவுகிற சத்தம். வெங்காயம் நறுக்குகிற மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவின இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாகக் கலயத்தில் இறங்குவதுதான் பதனீர். எங்கள் பக்கத்துப் பேச்சில் பயினி.

கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருக்கும். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. அதனால் ஒரு விரல் சுண்ணாம்புதான் மிட்டாய்க்கும் குற்றத்துக்கும் நடுவே நின்றது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சொட்டு. கலயத்தில் வெள்ளை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போலீஸ். பன்னிரண்டு வயதில் இதை எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. தாத்தாவிடம் கேட்டேன்.

"மரத்துக்கு அது தெரியாதுல. நமக்குத் தெரியணும்" என்றார்.

ஒன்பது மணிக்குள் பயினி எல்லாம் விடிலிக்கு வந்துவிடும். வந்ததும் முதல் பங்கு எனக்கு. குருத்தோலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் ஊற்றி, மேலே நுங்கைப் பிதுக்கிப் போட்டுத் தருவார்கள். ஓலை வாசனையோடு குடித்தவனுக்கு அதை டம்ளரில் கொடுத்தால் வேறு பானம் என்றுதான் சொல்வான்.

அதற்குப் பிறகு ஆச்சியின் வேலை. வெளியே வெயில், உள்ளே அடுப்பு. காவோலையும் காய்ந்த மட்டையும் உடைமுள்ளும் எரிய எரிய, பெரிய சட்டியில் பயினி மணிக்கணக்கில் கொதிக்கும். நுரை பொங்கி விளிம்புக்கு வரும்போது நசுக்கின ஆமணக்கு முத்தைத் துளி போடுவாள் ஆச்சி. பொங்கினது திட்டு வாங்கின பிள்ளை மாதிரி அப்படியே அடங்கிப்போகும். வெள்ளை மங்கிப் பொன்னிறமாகி, பொன்னிறம் கறுத்துப் பாகாகும்போது காடு முழுவதும் மணக்கும். ஏழெட்டு லிட்டர் பயினி வற்றி வற்றி ஒரு கிலோ கருப்பட்டி. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் பதம். வரிசையாக வைத்த சிரட்டைகளில் ஊற்றுவாள். ஆறினதும் கவிழ்த்துத் தட்டினால் அரைவட்டமாகக் கருப்பட்டி விழும்.

சிரட்டைகளை வரிசை பிடிப்பதுதான் எனக்குக் கிடைத்த உத்தியோகம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கொஞ்சம் அவசரப்பட்டு ஒரு சிரட்டையை நகர்த்தினேன். அகப்பையிலிருந்து ஒரு சொட்டு, ஒரே சொட்டு, இடது மணிக்கட்டில் விழுந்தது. கொதிக்கிற தண்ணீர் விழுந்தால் ஓடிவிடும். பாகு ஓடாது; விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து வேகவைக்கும். ஆச்சி என் கையைக் குடத்துக்குள் முக்கி, பிறகு கத்தாழையைக் கீறித் தடவினாள். நான் அலறின அலறலில் பக்கத்து விடிலிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆச்சியின் முன்னங்கைகளை அன்றைக்குத்தான் கவனித்தேன். முழங்கை வரைக்கும் புள்ளி புள்ளியாக அதே வட்டங்கள். எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

மாமா மகன் ஒருவன் எனக்குச் சோடி. அவனும் ஏழு முடித்து எட்டு. நுங்கு தின்று முடித்த கூந்தல்கள் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடினால் அது வண்டி. பதினொரு மணிக்கு மேல் மணல் கொதிக்கும். பனையின் நிழலோ ஆள் அகலம்கூட இருக்காது. ஒரு மரத்து நிழலிலிருந்து அடுத்த மரத்து நிழலுக்குத் தாவித் தாவிப் போவதே ஒரு விளையாட்டு. இடையில் நின்றவன் அவுட். அவன் நிற்கவே மாட்டான். நான் நின்று நின்று குதிப்பேன். அவன் குட்டையான பனைகளில் ஏறவும் பழகியிருந்தான். எனக்கு முருக்குத்தடியைத் தாண்ட முடியவில்லை.

மத்தியானங்கள்தான் நீளம். இரண்டு காமிக்ஸும் மனப்பாடமாகிவிட்டன. ஜேம்ஸ்பாண்டுக்கு அடுத்த பக்கத்தில் என்ன ஆபத்து என்று அவனை எச்சரிக்கும் அளவுக்குத் தெரியும். அப்போதுதான் பூகோள நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

தாத்தாவுக்குப் பாட்டத்தில் 30 பனை. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. ஆக 60 ஏற்றம். சிலது அறுபது அடி, சிலது முப்பது. சராசரியாக நாற்பது என்று வைத்துக்கொண்டேன். நாளொன்றுக்கு 2,400 அடி. அடியை 3.28-ஆல் வகுத்தால் மீட்டர் என்று அந்த வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சுமார் 730 மீட்டர். பூகோளப் புத்தகத்தில் எவரெஸ்ட் 8,848 மீட்டர். வகுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு, சொச்சம்.

சாயங்காலம் தாத்தா இறங்கி வருவதற்குள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தாத்தா, நீங்க பன்னெண்டு நாளைக்கு ஒருக்க எவரெஸ்ட் ஏறுதீங்க."

"அது எங்கல இருக்கு?"

"இமயமலையில. உலகத்துலயே பெரிய மலை."

தளைநாரை உதறிக்கொண்டே கேட்டார்: "அங்க பயினி உண்டுமா?"

"இல்ல தாத்தா. வெறும் பனிதான்."

"பொறவு என்னத்துக்குல ஏறுதானுவ?"

மே 22-ஆம் தேதி காலை. பக்கத்து விடிலியில் ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. அவர்தான் ஓடிவந்து சொன்னார். முந்தின நாள் ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ராஜீவ் காந்தி இறந்துபோனார். தேர்தல் நேரம். ஆச்சி அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஆத்தாளும் அப்படிப் போனா, மவனுமா" என்றாள் இரண்டு மூன்று தடவை. இந்திரா காந்தி இறந்தபோது நான் முதல் வகுப்பு. பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டுக்கு அனுப்பினது மட்டும் ஞாபகம் இருந்தது. பெரிய மனிதர்கள் இறந்தால் லீவு. எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

பஸ் இல்லை, கடை இல்லை என்று சேதி வந்தது. அந்த வாரம் அம்மா வந்து என்னைக் கூட்டிப்போவதாக இருந்தது, அதுவும் இல்லை. தாத்தா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அருவாப்பெட்டியை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"இன்னைக்கு எல்லாத்துக்கும் லீவுதான தாத்தா?"

"பாளைக்கு ஏதுல லீவு? இன்னைக்குச் சீவாம விட்டா நாளைக்குக் கண்ணு மூடிரும்."

அது நிஜம். பாளையை நாள் தவறாமல் சீவிக்கொண்டே இருந்தால்தான் சுரக்கும். விட்டால் நுனி காய்ந்து அடைத்துக்கொள்ளும். அந்தப் பாளையின் வரும்படி அதோடு சரி. காய்ச்சலென்றாலும் கல்யாணமென்றாலும் நாடே நின்றாலும் ஏறித்தான் ஆக வேண்டும். அன்றைக்குக் காட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. மரத்துக்கு மரம் 'சரக்', 'சரக்' மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நுங்கு வண்டியைத் தொடவில்லை. துக்கத்தால் என்று சொல்லமாட்டேன். எல்லாரும் வேலை செய்யும்போது நான் மட்டும் விளையாடுகிறேன் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக வெட்கமாக இருந்தது.

பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டியோடு ஊர் திரும்பினேன். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஜூன் 15-க்குத் தள்ளிப்போயிருந்தது. பள்ளிக்கூடமும் திறந்தது. கட்டுரைத் தலைப்பும் வந்தது.

ஏன் ஊட்டிக்குப் போனேன் என்று இத்தனை வருஷம் கழித்து யோசிக்கிறேன். நோட்ஸைப் பார்த்து எழுதுவது சுலபம் என்பது ஒரு காரணம். 'கண்ட காட்சிகள்' என்று போட்டுவிட்டு அதன் கீழே விடிலி என்று எழுதலாமா என்பது இன்னொன்று. காட்சி என்றால் ஆள் காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பதல்லவா? ஆனால் மூன்றாவது காரணம்தான் முதல் காரணம். எங்கள் பள்ளி மைதானத்தில் சண்டை வந்தால் ஒருவனை வாயடைக்கச் செய்ய ஒரு வார்த்தை இருந்தது. 'பனையேறி.' தொழிலின் பெயர்தான். வசவாகத்தான் வந்து விழும். அந்த வார்த்தையை என் கையாலேயே நோட்டில் எழுதிக்கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்பதை அதே பள்ளியில்தான் பொது அறிவுக் கேள்வியாகப் படித்தோம். 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மாமா மகன் சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். உடன்குடிக் கருப்பட்டியும் விற்கிறான். செய்தியைப் பார்த்ததும் போன் பண்ணினேன். "மரத்துக்குப் பட்டம் குடுத்தாச்சு, ஏறுறதுக்கு ஆளத்தான் காணும்" என்றான்.

இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோது பழைய கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். தாத்தாவின் 730-ஆல் வகுத்தால் மூன்று. அந்த மனிதர் மூன்று நாளைக்கு ஒருமுறை ஊட்டிக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வகுப்பில் எந்தக் கட்டுரையும் போகாத ஊட்டிக்கு.

அன்றைக்குத் தமிழ் ஐயா நோட்டுகளைத் திருத்திக்கொண்டே பெஞ்சு பெஞ்சாக வந்தார். என் நோட்டில் படகுச் சவாரி வரைக்கும் படித்தவர், பேனாவை நிறுத்தினார்.

"மணிக்கட்டுல என்னலே அது?"

பொத்திக்கொண்டேன். "ஊட்டியில வெந்நீர் கொட்டிட்டு ஐயா."

என் கையைப் பிடித்துத் திருப்பி, அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஊட்டியில வெந்நீர் ரொம்பக் கெட்டியோ?"

பதிலுக்குக் காத்திராமல் பத்துக்கு ஏழு போட்டுவிட்டு, அடுத்தவனின் ஊட்டிக்குப் போய்விட்டார்.

(தொடரும்)