பளியர் பெண்களும் அமைதிக் கல்வியும்

முன்னுரை

அழகர்கோவிலில் கள்ளழகர் கோயிலின் காவல் தெய்வமாக விளங்குபவர் பதினெட்டாம்படிக் கருப்பசாமி. மூடிய கதவே அவரது வடிவாக வணங்கப்பெறுகிறது. சான்றுகளால் தீர்க்க இயலாத வழக்குகளை அக்கதவின் முன் சத்தியம் செய்து முடிக்கும் மரபு மதுரை வட்டாரத்தில் நெடுங்காலமாக நிலவுகிறது. பொய்ச் சத்தியம் செய்தவரைத் தெய்வம் தண்டிக்கும் என்னும் அச்சமே அங்குப் பூசலை முடித்து வைக்கிறது. இச்சமவெளியை அடுத்த மலைகளில் வாழும் பளியரிடமோ தண்டனையைச் சாராத மற்றோர் அமைதி மரபு காணப்படுகிறது. அம்மரபில் பெண்கள் பெறும் இடத்தையும், அது நிலைப்பதற்குரிய சூழலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பளியரின் அமைதி மரபு

தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினருள் பளியரும் அடங்குவர். பழனிமலை, சிறுமலை, வருசநாடு, சதுரகிரி முதலான மலைப்பகுதிகளில் கிழங்கு அகழ்தலும் தேன் எடுத்தலும் இவர்தம் மரபுத் தொழில்கள். அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1962 முதல் 1964 வரை இவர்களிடையே களஆய்வு செய்தார். ஒருவர் மற்றவரை ‘தரக்குறைவாக’ நடத்தலாகாது என்பதே பளியர் ஒழுக்கத்தின் அடிப்படை என அவர் விளக்கினார். பிணக்கு எழுமாயின் பதிலடி கொடுப்பதில்லை. ஒருவர் விலகிச் சென்றுவிடுவார். நகைச்சுவையாலோ இன்சொல்லாலோ பிறர் சினத்தைத் தணிக்க வல்லவர் இடையில் புகுந்து பேசுவதும் உண்டு. அது அதிகாரமுடைய பதவியன்று. தனிமனிதத் திறன் மட்டுமே.

இல்லமே கல்விக்கூடம்

இம்மரபில் பெண்களின் இடம் இரு நிலைகளில் புலப்படுகிறது. முதலாவது, இல்லற உரிமை. கணவன் மனைவி இருவருள் எவரும் மற்றவரை ஆள்வதில்லை. பெண்ணும் தானே உணவு தேடும் திறனுடையவள். ஆகவே மணவாழ்வில் மதிப்புக் குறையும்போது பிரிந்து செல்ல அவளால் இயல்கிறது. அடக்குதலுக்கு உட்படாத வாழ்வே வன்முறையற்ற இல்லத்திற்கு அடித்தளமாகிறது. இரண்டாவது, குழந்தை வளர்ப்பு. குழந்தைகள் அடித்துத் திருத்தப்படுவதில்லை. இளம் வயதிலேயே தம் வேலைகளைத் தாமே செய்யப் பழகுகின்றனர். தாயின் மடியில் தொடங்கும் இப்பயிற்சிக்குப் பாடநூலோ தேர்வோ இல்லை. எனினும் பிறரை மதித்தல், சினத்தை அடக்குதல், விலகுதல் ஆகியவற்றைக் கற்பிப்பதால் இதனை அமைதிக் கல்வி எனல் பொருந்தும்.

நாகர் பெண்களுடன் ஓர் ஒப்பீடு

பளியர் மரபு பூசல் முற்றாமல் காப்பது. பூசல் போராக மூண்ட பின் அதனை நிறுத்தும் பெண் மரபுக்கு வடகிழக்கு இந்தியாவில் சான்று உள்ளது. மணிப்பூரின் தாங்குல் நாகரிடையே, வேற்றூரில் மணம் முடித்த பெண் ‘புக்ரெய்லா’ எனப்படுவாள். பிறந்த ஊரும் புகுந்த ஊரும் போரிடும்போது இரு தரப்பிற்கும் உறவான அவள் நடுவே சென்று போரை நிறுத்துவாள். அவளைத் தாக்குவது மரபால் விலக்கப்பட்டிருந்தது. 1984இல் தோன்றிய நாகா அன்னையர் சங்கம், ‘இனிக் குருதி சிந்த வேண்டா’ என்னும் பொருளுடைய இயக்கத்தை 1994இல் தொடங்கியது. ஆயினும் நாகாலாந்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 33 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்குவதற்கு 2017இல் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வொதுக்கீட்டுடன் தேர்தல் நடைபெற 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. சண்டையை விலக்க அழைக்கப்படும் பெண், முடிவெடுக்கும் அவைக்கு அழைக்கப்படுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

காடும் அமைதியும்

பளியரிடம் விலகுதல் அமைதிக்கு வழியாவதற்குக் காரணம், விலகிச் செல்லக் காடு இருந்தமையே. காட்டில் உணவு தேடும் உரிமை சுருங்கினால், பெண் கணவனையோ கூலி தருபவரையோ சார்ந்து வாழும் நிலை ஏற்படும். பிரிந்து செல்லும் உரிமை பெயரளவினதாகிவிடும். திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டபின், பளியர் வாழும் காடுகளில் இக்கேள்வி மேலும் முதன்மை பெறுகிறது. இதற்கான சட்ட வழி 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் உள்ளது. அச்சட்டப்படி மணமானவர்க்கு வழங்கப்படும் நில உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இடம்பெற வேண்டும் என்பது அதன் விதி.

முடிவுரை

பெண்களின் அமைதிப் பணியை இயல்பான பண்பு எனப் போற்றுவதோடு நிறுத்துவது போதாது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானம் (2000), அமைதி முயற்சிகளில் முடிவெடுக்கும் நிலைகளிலும் பெண்கள் பங்கேற்க வேண்டும் என வலியுறுத்துகிறது. பளியர் பெண்களைப் பொறுத்தவரை அப்பங்கேற்பு வன உரிமைக் குழுவிலிருந்தும் கிராம சபையிலிருந்தும் தொடங்க வேண்டும். காட்டின் மீதான உரிமையும் அவையில் ஓர் இடமும் உறுதிப்படும்போதே, தாய் மகவுக்குக் கற்பிக்கும் அமைதி அடுத்த தலைமுறையிலும் வாழ்க்கை முறையாக நிலைபெறும்.