மேற்கோளும் ஒரு சாட்சியமே



"இன்னார் இன்ன நூலில் இவ்வாறு கூறுகிறார்" என்று ஆய்வேட்டில் எழுதுவது சாட்சி சொல்வதாகும். கண்ணால் பாராததற்குச் சாட்சி சொல்லலாமா? அறிவிப்பாளர் வரிசையைத் துருவி ஆராய்ந்த சமுதாயத்திற்கு இக்கேள்வி புதிதன்று. ஆயினும் நம் மாணவர்கள் பலர் துணைநூற்பட்டியலைக் கடைசி இரவுக்கான வேலையாக ஒதுக்கி வைக்கின்றனர்.

1980 ஜனவரியில் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு சிறு கடிதம் வெளியாயிற்று. மொத்தமே ஐந்து வாக்கியங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 11,882 பேருக்கு அபின் வகை வலிநிவாரணிகள் தரப்பட்டன. முன்னர் அப்பழக்கம் இல்லாதவர்களில் நால்வர் மட்டுமே அடிமையானதாகப் பதிவாகியுள்ளது என்பது அதன் சாரம். மாத்திரைகளை வீட்டிற்குக் கொண்டு சென்று மாதக்கணக்கில் உண்போரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

2017இல் அதே இதழில் வந்த ஓர் ஆய்வு, அக்கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 எழுத்துகளைச் சோதித்தது. அவற்றுள் 439, அடிமையாவது அரிது என்பதற்கு அக்கடிதத்தையே ஆதாரமாக்கியிருந்தன. 491 எழுத்துகளில், அந்நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்னும் குறிப்பே இல்லை! இடைப்பட்ட ஆண்டுகளில் அம்மருந்துகள் அந்நாட்டில் தாராளமாக எழுதித் தரப்பட்டன; அபின் வகைப் பொருள்களின் மிகையளவால் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அனைத்திற்கும் ஒரு கடிதமே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. எனினும், ஐந்து வாக்கியங்களைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ஆகவே ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன், ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூலநூலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சொல்ல வந்த கருத்து அப்பக்கத்தில் உள்ளதா? ஆசிரியர் விதித்த நிபந்தனையை விட்டுவிட்டீர்களா? மூலம் கிடைக்காவிடில், எந்த நூலின் வழியாக அறிந்தீர்களோ அதையே குறிப்பிடுங்கள். அதில் இழிவொன்றும் இல்லை. கட்டுரையில் உள்ள பெயர்கள் பட்டியலிலும், பட்டியலில் உள்ளவை கட்டுரையிலும் இருக்கின்றனவா என்று இரு திசையிலும் ஒப்பிடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் தந்துவிடும் காலம் இது. அவை தரும் குறிப்பை நூலகப் பட்டியலில் தேடிக் காணாமல் சேர்க்காதீர்கள்.

ஹதீஸ் எண் தருவோர் பதிப்பையும் எழுதுங்கள். ஸஹீஹ் முஸ்லிமுக்கு ஃபுஆத் அப்துல் பாகீ இட்ட எண்வரிசை 3033இல் முடிகிறது. வேறு பதிப்புகளில் அது ஏழாயிரத்தைத் தாண்டுகிறது. வெறும் எண்ணை மட்டும் தந்தால், சரிபார்க்க விரும்பும் வாசகர் வேறொரு ஹதீஸில் போய் நிற்பார்.